மெஷின்ல பாருங்க சார்

லிஃப்ட் ரிப்பேர் என்று ஓர் அட்டை தொங்கியது. அந்த அட்டையே பழுப்பேறிப் போயிருந்தது. முதுகில் லேப்டாப் பை, தோளில் கேபிள் சுருள், கையில் ஸ்க்ரூ டிரைவர் பெட்டி. மூன்று மாடி ஏறி முடித்தபோது மணி பத்தரை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததெல்லாம் பட்டப்பகலில். ட்யூப் லைட் எரிய, ஃபேன் சுற்ற, இருபது பேர் உட்கார்ந்திருக்க நடந்தது. இருட்டில் நடந்திருந்தால் கண் ஏமாற்றிவிட்டது என்று சொல்லியாவது தப்பித்திருப்பேன்.

ஆபீஸ்களுக்குக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் எனக்கு வேலை. அன்றைக்குக் கொடுத்த வேலை பிரிண்டர் பகிர்வு. ஆளுக்கு ஒரு பிரிண்டர் யாரும் வாங்கித் தர மாட்டார்கள். ஆறு மெஷினை நெட்வொர்க்கில் கோத்துவிட்டால் எந்த மேஜையில் இருந்து அனுப்பினாலும் தாள் வரிசையில் நின்று அச்சாகி வரும். கேட்க எளிது. செய்கிறவளுக்குத்தான் தெரியும், ஒரு பிரிண்டர் அடம்பிடித்தால் மாமியார் தோற்றுப்போவாள்.

ஆறு மாதம் ட்ரெயினிங். இந்த வேலையைச் சொதப்பாமல் முடித்தால் நிரந்தரம் என்று எங்கள் ஓனர் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா மூட்டை தூக்குகிறவர். அவருடைய தோளில் காய்த்துப்போன இடத்தில் குண்டூசி குத்தினாலும் தெரியாது. அம்மா எதிர்வீட்டில் போய், "எங்க பொண்ணு கம்ப்யூட்டர் இன்ஜினியரு" என்று நாலு தடவை சொல்லிவிட்டாள். அந்த வார்த்தையைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு என் தலையில்.

அந்த ஆபீஸ் எனக்குப் புதிதில்லை. வேலைக்கு ஆள் எடுக்கும் ஆபீஸ் அது. பரீட்சை வைப்பார்கள், மார்க் போடுவார்கள், தேர்வானவர்களின் நம்பரை அச்சடித்து வாசலில் ஒட்டுவார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நானும் எழுதினேன். ஒட்டிய பட்டியலில் என் நம்பர் இல்லை. அப்பா மூன்று நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கோபத்தால் இல்லை, என்ன சொல்வது என்று தெரியாமல். அந்த நம்பர் இன்னும் எனக்கு மனப்பாடம். நாலு ஒன்று ஒன்று ஏழு.

வாசலுக்குப் பக்கத்து மேஜையில் டைப்பிஸ்ட் அக்கா. நாற்பது வயது இருக்கும். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி என்னைப் பார்த்தார்.

"பையன் ஒருத்தன் வருவான்னாங்க?"

"பையன் வந்தா டீ குடிக்கப் போயிடுவான்க்கா. வேலை நடக்கணும்னு என்னை அனுப்பிட்டாங்க."

சிரித்தார். "வாய் இருக்கு. பொழச்சுக்குவ."

அந்த ஆபீஸ் நெட்வொர்க்கில் மனுஷப் பேர் கிடையாது. ஆட்கள் மாறுவார்கள், மேஜை மாறாது என்று மேஜை நம்பரையே பேராக வைத்திருந்தார்கள். டைப்பிஸ்ட் அக்கா சீட் நாலு. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருந்த மேனேஜர் சீட் ஒன்று. நடுவில் சீட் ஏழு மட்டும் காலி. அதில் என் லேப்டாப்பை வைத்தேன்.

"அங்கேயா உக்காரப் போற?" அக்காவின் சிரிப்பு நின்றது. "வேற இடம் பாரேன்."

"ஏன்க்கா, சீட் கடிக்குமா?"

"கடிக்காது. இருமும்."

கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். ஆனால் சுற்றி யாருமே சிரிக்கவில்லை. பேனா வைக்கலாம் என்று மேஜை டிராயரை இழுத்தேன். உள்ளே ஒன்றே ஒன்று கிடந்தது. நீல நிறத்தில், வீசிங் இருப்பவர்கள் வாயில் வைத்து அழுத்துவார்களே, அந்த இன்ஹேலர். யாரோ மறந்துபோனது என்று நினைத்து டிராயரை மூடினேன்.

மதியத்துக்குள் ஆறு மெஷினுக்கும் முகவரி கொடுத்துவிட்டேன். புதிதாக வந்த பெரிய மெஷின் ஒன்று, பழசு ஐந்து. எல்லாம் தெரிகிறதா என்று லேப்டாப்பில் தேடச் சொன்னேன். பச்சைக் கோடு ஓடியது. பட்டியல் வந்தது.

ஏழு இருந்தது.

ஆறு நான் போட்டது. ஏழாவதற்குப் பேர் இல்லை. நிலை என்ற இடத்தில் 'ரெடி' என்று இருந்தது.

இதெல்லாம் தொழிலில் சகஜம். தூக்கிப்போட்ட மெஷினின் பேர் நெட்வொர்க்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். நாங்கள் அதைச் செத்த என்ட்ரி என்போம். அழித்தேன். மறுபடி தேடினேன்.

ஏழு. ரெடி.

"அக்கா, இங்க வேற பிரிண்டர் எங்கேயாவது இருக்கா?"

அக்கா தலையைத் தூக்காமல் பேனாவால் வராந்தாவின் கடைசியைக் காட்டினார். "பிரிண்டர் ரூம். ஆனா அது ஓடாது."

ஜன்னல் இல்லாத அறை. வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள், பெரிய இரும்புத் தாழ்ப்பாள். உள்ளே பழைய பேப்பர் கட்டு, உடைந்த நாற்காலி, நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு மெஷின். மேலே விரல் கனத்துக்குத் தூசி. பின்னால் போய்ப் பார்த்தேன். பவர் வயர் சுருட்டிக் கட்டியிருந்தது. நெட்வொர்க் கேபிள் பாதியில் வெட்டியிருந்தது.

ஆனால் அறை முழுக்க வாசனை. அப்போதுதான் அச்சாகி வந்த தாளின் வாசனை. சுட்ட டோனர் பொடி, சூடான பிளாஸ்டிக்.

மெஷின் மூடிமேல் கையை வைத்தேன்.

சூடாக இருந்தது.

வெயில் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஜன்னல் இல்லாத அறையில் எந்த வெயில் என்று வராந்தாவுக்கு வந்த பிறகுதான் தோன்றியது.

மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். வழுக்கைத் தலை, மொறமொறப்பான வெள்ளைச் சட்டை, குழந்தையோடு பேசுவது போன்ற குரல்.

"வாம்மா. பொண்ணுங்களுக்கு இந்த வேலை நல்லாவே வருது. சொன்னதைக் கேட்டா. என்ன லாகின் போடுற?"

"ஆளுக்கு ஒண்ணு சார். யாரு எதை அச்சடிச்சாங்கன்னு கணக்கு நிக்கும்."

"இருபது பேருக்கு இருபது லாகினா? ஒருத்தன் மறப்பான், ஒருத்தன் மாத்துவான், தொல்லை. எல்லாருக்கும் ஒரே லாகின்ல போட்டுடு. சீட் ஏழு சும்மாத்தானே கிடக்கு."

"அப்போ எல்லாத் தாளும் சீட் ஏழு பேர்ல வரும் சார்."

"வரட்டுமே." ஒரு ரெஜிஸ்டரைத் திறந்து என் பக்கம் திருப்பினார். சீட் ஏழு, பொறுப்பு என்று எழுதி, எதிரில் கோடு போட்டு வைத்திருந்தார். "உன் வேலைதானே. உன் கையெழுத்து போதும். நாலு மணிக்குப் புதுப் பட்டியல் அச்சடிக்கணும், அதுக்குள்ள முடிச்சிடு."

அதே பக்கத்தில் எனக்கு மேலே ஒரு கையெழுத்து இருந்தது. அதன் மேல் சிவப்பு மையில் அடித்திருந்தார்கள்.

வெளியே வந்து ஓனருக்குப் போன் போட்டேன்.

"சார், ஒரே லாகின்ல போட்டா யார் அனுப்பினாங்கன்னே தெரியாது சார்."

"தெரிய வேணாம்னுதானே சொல்றாங்க."

"என் கையெழுத்து கேக்கறாங்க."

"உனக்கு வேலை நிரந்தரம் ஆகணுமா, வேணாமா?"

"ஆகணும் சார்."

"அப்போ வாயை மூடிட்டு கேபிளைப் பாரு."

அம்மா எதிர்வீட்டில் சொன்னது ஞாபகம் வந்தது. கையெழுத்துப் போட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் போட்டேன்.

ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு டெஸ்ட் பேஜ் அனுப்ப வேண்டும். அனுப்பினேன். முதல் தாள் வந்தது. நிறக் கட்டங்கள் சரி. எழுத்து சரி. அடியில் 'அனுப்பியவர்: சீட் 7' என்று சரியாகவே இருந்தது. தேதி மட்டும் தப்பு. இரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதி.

வலது ஓரத்தில் கறுப்பாக ஒரு தடம். டோனர் கொட்டியிருக்கும் என்று துடைத்தேன். போகவில்லை. கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தேன்.

கட்டைவிரல் ரேகை.

இரண்டாவது மெஷின். அதே தேதி. இரண்டு விரல்.

மூன்றாவது. மூன்று விரல்.

ஐந்தாவது மெஷினில் முழுக் கை வந்தது. சின்னக் கை. ஒரு பெண்ணின் கை. கதவைத் தட்டுகிற மாதிரி விரித்த கை.

ஆறாவது, புது மெஷின். தாள் உள்ளே போய் நின்றுவிட்டது. மெஷின் சூடேறுகிற சத்தம் கேட்டது. எல்லா மெஷினும் போடுகிற சத்தம்தான். ஆனால் இது வேறு மாதிரி இருந்தது. இழுத்தது. விட்டது. மறுபடி இழுக்க முடியாமல் இழுத்தது. நெஞ்சில் சளி கட்டிய குழந்தை மூச்சு விடுமே, அப்படி.

ஈஈஈஸ்.

ஈஈஈஸ்.

பிளக்கைப் பிடுங்கினேன். சத்தம் இன்னும் இரண்டு மூச்சு ஓடிவிட்டுத்தான் நின்றது.

டைப்பிஸ்ட் அக்கா சாப்பிட உட்காரும்போது மணி மூன்று. ஐந்து தாளையும் அவருடைய சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் கடைசித் தாளைப் பார்த்தார். டப்பாவை மூடினார்.

"யாருக்கா அது?"

"சத்தம் போடாதே." கண்ணாடிக் கதவை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "உனக்கு முன்னாடி இந்த வேலைக்கு ஒரு பொண்ணு வந்துட்டிருந்தா. உங்க கம்பெனிதான். உன்னை மாதிரியே வாய். கம்ப்யூட்டர் பொண்ணுன்னு கூப்பிடுவோம். எல்லாருக்கும் அவ லாகின்தான்."

"சீட் ஏழு."

"ம். அந்த வருஷம் பட்டியல்ல நம்பரெல்லாம் மாறிப்போச்சுன்னு பிரச்சனை ஆச்சு. யாரு மாத்தி அடிச்சதுன்னு தேடினாங்க. சீட் ஏழு பேர்ல வந்திருக்குன்னு ஒரு லிஸ்ட். உங்க ஓனர்தான் வந்து எடுத்துக் குடுத்தாரு. அவ கத்தினா. 'மெஷின்ல பாருங்க சார், எந்தக் கம்ப்யூட்டர்ல இருந்து வந்துச்சுன்னு அதுலயே இருக்கும்'னு கத்தினா. யாரு பார்த்தா?"

அவள் சொன்னது உண்மை. லாகின் யாருடையதாக இருந்தாலும் மெஷின் தன் நினைவில் அனுப்பிய கம்ப்யூட்டரை எழுதி வைத்துக்கொள்ளும். எங்கள் ஓனருக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும்.

"நான்தான் செஞ்சேன்னு எழுதிக் குடுன்னாரு மேனேஜர். மாட்டேன்னா. அந்த ரூம்ல தள்ளி, வெள்ளைத் தாளும் பேனாவும் குடுத்து, எழுதினாத்தான் கதவு திறக்கும்னு தாழ்ப்பாள் போட்டாரு. அவளுக்கு வீசிங் உண்டு. மருந்து இங்க டிராயர்ல. உள்ள டோனர் டப்பா ஒண்ணு கொட்டிடுச்சு போல. அந்தப் பொடி..." அக்கா நிறுத்தினார். "தட்டினா. ரொம்ப நேரம் தட்டினா. ஒரு மணி பத்து நிமிஷம்."

"நீங்க எல்லாரும் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"சீட்ல இருந்தோம்."

"தட்டினது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"கேட்டும் எழுந்திரிக்கலியா?"

"யாரும் சீட்டை விட்டு எழுந்திரிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாருடி. எனக்கு ரெண்டு புள்ளைங்க." அவருக்குக் கண் கலங்கியது. எனக்குப் பரிதாபம் வரவில்லை. வந்திருக்கலாம். வரவில்லை. "திறந்தப்போ தாள் வெறுமையா இருந்துச்சு. ஒரு எழுத்துகூட எழுதலை. கை மட்டும் முழுக்கக் கறுப்பு. மாரடைப்புன்னு சொல்லி முடிச்சுட்டாங்க."

நேராகக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போனேன்.

"சார், என் கையெழுத்தை அடிச்சிடுங்க. சீட் ஏழு எனக்கு வேணாம்."

மேனேஜர் நிமிர்ந்தார். சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறியது. "போட்ட கையெழுத்து போட்டதுதாம்மா. உங்க வீட்டுல இதெல்லாம் சொல்லிக் குடுத்திருக்க மாட்டாங்க. படிச்சவங்க இருந்தாத்தானே."

என் அப்பாவின் தோள் ஞாபகம் வந்தது. வாயில் வந்ததை விழுங்கினேன். நாலு மணிக்கு இன்னும் நாற்பது நிமிஷம். நாலு மணிக்கு இந்த ஆள் அச்சடிக்கப்போகிற பட்டியல் என் பேரில் வரும். பிறகு ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எனக்கும் வரும்.

திரும்பி நடந்தேன். சீட் ஏழுக்கு இல்லை. வராந்தாவின் கடைசிக்கு.

பயம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் பயத்தைவிடக் கோபம் ஓர் இன்ச் உயரமாக இருந்தது.

கதவைத் திறந்தேன். அதே வாசனை.

"பார்க்க வந்திருக்கேன்," என்றேன். யாரிடம் சொன்னேன் என்று கேட்காதீர்கள்.

ஒன்றும் நடக்கவில்லை. வெளியே யாரோ ஸ்டேப்ளரைத் தட்டும் சத்தம் கேட்டது.

பிறகு மெஷினின் சின்னத் திரையில் பச்சை வெளிச்சம் வந்தது.

பவர் வயர் சுருட்டிக் கட்டியபடியே கிடந்தது.

ஈஈஈஸ். மெஷின் இழுத்தது. தூசி மெல்ல எழும்பியது. என் காதுக்குப் பக்கத்தில், தோள் உயரத்தில், யாரோ வாயைத் திறந்து காற்றைத் தேடினார்கள். கழுத்தில் அந்தக் காற்று பட்டது. சூடாக.

"மெஷின்ல..." என்றது. மூச்சு போதவில்லை. மறுபடி முயன்றது. "மெஷின்ல பாருங்க..."

தாள் வந்தது.

முதல் தாள் மெஷினின் நினைவுப் பட்டியல். கோப்பின் பேர், தேர்வுப் பட்டியல். லாகின், சீட் 7. அதற்குப் பக்கத்துக் கட்டத்தில், அனுப்பிய கம்ப்யூட்டர், சீட் 1. எங்கள் ஓனர் எடுத்துக் கொடுத்த லிஸ்ட்டில் அந்தக் கட்டம் மட்டும் கத்தரிக்கப்பட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது தாள் நான் வாசலில் பார்த்த பட்டியல். மூன்றாவது தாளும் பட்டியல்தான், மாற்றுவதற்கு முந்தையது. சூடாக இருந்தது. விரலால் வரிசையாகத் தடவிக்கொண்டே வந்தேன். பதினான்காவது வரியில் விரல் நின்றது.

நாலு ஒன்று ஒன்று ஏழு.

எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது. அந்த மூன்று நாளும் அப்பா பார்க்காத என் முகம் ஞாபகம் இருக்கிறது. எனக்குத் திறமை இல்லை என்று நானே நம்பி, இரண்டு வருஷம் தலையைக் குனிந்து நடந்தது ஞாபகம் இருக்கிறது.

"இங்க என்ன பண்ற?"

மேனேஜர் வாசலில் நின்றார். என் கையில் இருந்த தாளைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். அது இன்னும் தாள் தள்ளிக்கொண்டிருந்தது.

"இதை யாரு ஆன் பண்ணினது?"

"வயரைப் பாருங்க சார்."

அவர் வயரைப் பார்க்கவில்லை. உள்ளே பாய்ந்தார். வந்துகொண்டிருந்த தாள்களை இரண்டு கையாலும் பிடுங்கிக் கசக்கினார். கசக்கக் கசக்க அடுத்தது வந்தது. நான் என் மூன்று தாளோடு பின்னால் நகர்ந்தேன். ஓர் அடி, இரண்டு அடி. வராந்தாவுக்கு வந்துவிட்டேன்.

கதவு மூடியது.

தாழ்ப்பாள் விழுந்தது.

விசாரணையில் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். தாழ்ப்பாளை நான் போட்டதாக ஞாபகம் இல்லை. ஆனால் சீட் ஏழில் வந்து உட்கார்ந்து கையைப் பார்த்தபோது வலது உள்ளங்கை முழுக்கக் கறுப்பாக இருந்தது. உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. சொல்லிவிட்டேன்.

மணி மூன்று இருபத்தைந்து.

முதலில் அதட்டினார். "ஏய், கதவைத் திற!" பிறகு, "திறம்மா, பேசிக்கலாம்." பிறகு தட்ட ஆரம்பித்தார்.

அந்த நேரத்தில் ஆபீஸின் ஆறு மெஷினும் ஒன்றாக முனகின. நான் எதையும் தொடவில்லை. புது மெஷினின் பிளக் அதுவரை தரையில்தான் கிடந்தது. ஆறிலும் தாள் வந்தது. மூன்று மூன்று தாளாக, திரும்பத் திரும்ப. ஒருவர் எடுத்தார். பக்கத்தில் கொடுத்தார். கடைசி மேஜையில் இருந்தவர் ஒரு தாளில் விரலை வைத்து, "இது என் தம்பி நம்பர்," என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஆபீஸ் முழுக்கக் கேட்டது.

தட்டும் சத்தமும் எல்லாருக்கும் கேட்டது.

யாரும் சீட்டை விட்டு எழுந்திருக்கவில்லை.

நான் டைப்பிஸ்ட் அக்காவைப் பார்த்தேன். அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தன் மேஜையில் கிடந்த தாளை நேராக அடுக்கி, பேப்பர் வெயிட்டை எடுத்து மேலே வைத்தார்.

நாலு மணி. தட்டுவது குறைந்தது. வேறு சத்தம் ஆரம்பித்தது. அந்த ஆளுக்கு வீசிங் கிடையாது என்று பிறகு அவர் மனைவி சத்தியம் செய்து சொன்னார். ஆனால் வராந்தா முழுக்க அந்தச் சத்தம்தான்.

ஈஈஈஸ்.

இழுத்தது. விட்டது. இழுக்க முடியாமல் இழுத்தது.

டிராயரைத் திறந்தேன். நீல இன்ஹேலர் அங்கேதான் இருந்தது. எடுத்தேன். உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். அறைக்கு முப்பது அடி. எழுந்து நடந்தால் அரை நிமிஷம்.

திரும்ப டிராயரில் வைத்தேன். டிராயரை மூடினேன்.

இதற்காக என்னை நீங்கள் என்ன நினைத்தாலும் சரி.

நாலு முப்பத்தைந்துக்குத் தாழ்ப்பாள் தானாக விலகும் சத்தம் கேட்டது. கதவு மெல்லத் திறந்தது. ஒரு மணி பத்து நிமிஷம், நொடி பிசகவில்லை. அப்போதுதான் எல்லாரும் எழுந்தோம்.

மேனேஜர் தரையில் உட்கார்ந்திருந்தார். உயிர் இருந்தது. வெள்ளைச் சட்டை தெரியவே இல்லை, தலை முதல் கால் வரை கறுப்புப் பொடி. கண் மட்டும் வெள்ளையாக எங்களுக்குப் பின்னால் யாரையோ பார்த்துக்கொண்டிருந்தது. கையில் பேனா. மடியில் எழுதிய தாள்கள். நாற்பதுக்கு மேல் இருக்கும். எல்லாவற்றிலும் ஒரே வரிதான். நான்தான் செய்தேன். நான்தான் செய்தேன். நான்தான் செய்தேன்.

டைப்பிஸ்ட் அக்கா ஒரு தாளை எடுத்துக் கிட்டத்தில் பார்த்தார்.

"இது அவரு கையெழுத்து இல்லடி," என்றார். "இந்த உருண்டை எழுத்து... இது அவ எழுத்து."

மேனேஜருக்குப் பேச்சு திரும்பவில்லை. இன்னும் ஆஸ்பத்திரியில்தான். வாயைத் திறந்தால் மூச்சுச் சத்தம் மட்டும் வருகிறதாம். பழைய பட்டியல் பற்றி விசாரணை நடக்கிறது. கடைசி மேஜைக்காரரின் தம்பிக்குக் கடிதம் வந்துவிட்டது. எனக்கும் வரும் என்கிறார்கள். அப்பாவிடம் சொன்னபோது என் முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

அதுவரை ஓனரிடம்தான் வேலை. நிரந்தரம் ஆக்கிவிட்டார். நான் கேட்காமலே, அவசரமாக, கண்ணைப் பார்க்காமல். ஒரு தாளில் ஓர் ஓரத்தைக் கத்தரித்த கை அது. விசாரணையில் அவர் பேர் இன்னும் வரவில்லை. வராதபடி பார்த்துக்கொள்கிறார் என்று கேள்வி.

அதற்குப் பிறகு ஆறேழு ஆபீஸ் போய்விட்டேன். எங்கே போனாலும் பிரிண்டரைத் தேடச் சொல்லிவிட்டு, பச்சைக் கோடு ஓடி முடிகிறவரை எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். பெரும்பாலும் சரியாக இருக்கும். ஓர் ஆபீஸில் மட்டும் ஒன்று கூடுதலாக வந்தது. பேர் இல்லாமல். அங்கே யாரிடமும் எதுவும் சொல்லாமல் வேலையை முடித்துவிட்டு வந்தேன். மறுநாள் அந்த ஆபீஸில் ஒருவர் லீவு போட்டார். இன்றுவரை திரும்பி வரவில்லை.

இன்று காலை எங்கள் கம்பெனியிலேயே ஒரு புது லேப்டாப்பை அமைத்துக்கொண்டிருந்தேன். எங்களிடம் இருப்பது இரண்டே பிரிண்டர். தேடச் சொன்னேன்.

மூன்று வந்தது.

அழிக்கவில்லை.

ஓனர் தன் அறையில் இருந்து எட்டிப் பார்த்தார். "ஏம்மா, ஸ்டோர் ரூம்ல ஏதோ மெஷின் ஓடுற மாதிரி சத்தம். மூச்சு விடுற மாதிரி. யாராவது ஆன் பண்ணி வச்சிருக்கீங்களா?"

"தெரியலை சார்," என்றேன். "போய்ப் பாருங்களேன்."

அவர் எழுந்து நடந்தார். நான் என் சீட்டிலேயே இருந்தேன். எங்கள் ஸ்டோர் ரூம் கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. ஆனால் அது விழுகிற சத்தம் கேட்டது. பேனா எடுக்க டிராயரைத் திறந்தேன். உள்ளே, நான் அந்த ஆபீஸிலேயே விட்டு வந்த நீல இன்ஹேலர் கிடந்தது.

திரையைப் பார்த்தேன். மூன்றாவது பிரிண்டர். இந்தத் தடவை அதற்குப் பேர் இருந்தது. சீட் ஏழு.

ரெடி.